முள் அசையாத இடம்

அக்காவின் லாரி பட்டறை முற்றத்துக்குள் வந்து நின்றபோது மணி பதினொன்று. ஆனாலும் பனி விலகவில்லை. எதிர்ச்சுவர்கூட மங்கலாகத்தான் தெரிந்தது. ஊரான் வண்டியைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிக் களைத்தவள், போன வாரம்தான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தாள். பழைய வண்டிதான். அதை அவளிடம் சொல்லிவிட முடியுமா? தொலைத்துவிடுவாள்.

மத்தியானம்தான் முதல் சுமை, மலைப்பாதையில். அங்கே செல்போன் வேலை செய்யாது. வண்டி படுத்துவிட்டால், லாரிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசும் சிபி ரேடியோ ஒன்றுதான் கதி. அதன் ஆண்டெனாவை எங்கே பொருத்துவது என்று தம்பிதான் முடிவு செய்ய வேண்டும். அவனுக்குத் தொழிலே அது. தப்பான இடத்தில் வைத்தால் அவள் கத்துவது யாருக்கும் கேட்காது. அந்தப் பயம் காலையிலிருந்தே அவனைக் குடைந்துகொண்டிருந்தது.

கேபினில் துளை போட்டு நிரந்தரமாகப் பொருத்துமுன், காந்தம் வைத்த ஆண்டெனா ஒன்றை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பான். அக்கா கேபினுக்குள் உட்கார்ந்து மைக்கை அழுத்தி, ரேடியோவோடு இணைத்த மீட்டரின் முள் காட்டுவதைச் சொல்ல வேண்டும். அவள் குரல் இவன் கையிலிருக்கும் வாக்கி டாக்கியில் கேட்கும். முள் ஒன்றில் நின்றால் நல்ல இடம். மூன்றிலேயே நின்றுவிட்டால் ரேடியோ நாளடைவில் கருகிவிடும்.

முதலில் கேபினின் இடது பின்மூலை.

"மூணுடா. தள்ளி நில்லு. பக்கத்துல ஆள் நின்னா முள் ஏறும்னு நீதானே சொன்ன?"

அவன் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தான்.

வலது மூலைக்கு மாற்றினான்.

"ஒண்ணரை. பரவால்ல... இரு இரு. ரெண்டு. மூணு. டேய், விளையாடாத."

"நான் செவுத்தோரமா நிக்கிறேன்க்கா."

மறுபடி இடது. முதலில் ஒன்றரை, பிறகு மூன்று. மறுபடி வலது. ஒவ்வொரு தடவையும் முள் ஏற ஆன நேரம் ஒன்றேதான். கேபினின் பின்பக்கமாக நாலு எட்டு நடந்து வர ஆகும் நேரம்.

குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான். கால் எதுவும் தெரியவில்லை.

காந்தத்தைப் பிடுங்கி ஆண்டெனாவைக் கையில் எடுத்தான்.

ஏறிக் கூரையின் நடுவில் வைத்தான். குதித்து ஓடிச் சுவரில் சாய்ந்தான்.

"ஒண்ணு." அக்கா சிரித்தாள். "அசையவே இல்லடா. இங்கேயே போட்டுடு."

முப்பது வரை எண்ணினான். அப்போதும் ஒன்றுதான். அப்பாடா என்றிருந்தது. டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

இரும்புக் கூரைக்குக் கீழே இருப்பவர்களை அந்த முள் கண்டுகொள்ளாது. அக்கா உட்கார்ந்திருப்பதையே அது காட்டவில்லையே.

அப்படியானால், வெளியே நின்றது எங்கே போயிற்று?

"அக்கா." கேபின் கதவைத் தட்டினான். "இறங்கு."

"ஏண்டா?"

"கேள்வி கேக்காம இறங்கு. திரும்பிப் பாக்காத."

முனகிக்கொண்டே இறங்கினாள். மணிக்கட்டைப் பற்றிச் சுவர்வரை இழுத்துவந்தான். அவளை வெளியே கொண்டுவந்தாகிவிட்டது, அது போதும் என்று போன உயிர் திரும்பியது.

வாக்கி டாக்கியின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. யாராவது மைக்கை அழுத்தினால்தான் அப்படி அடங்கும்.

கேபின் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை.

"ஒண்ணு," என்றது நிதானமான ஓர் ஆண்குரல். "அசையல. அங்கேயே துளை போடுப்பா. அக்காவும் நானும் கிளம்ப நேரமாச்சு."