கட்டிங் மேசையில் மூன்று கோடுகள்

“ஏனுங்க... குடைய அங்கயே வையுங்க. துணி மேல தண்ணி சொட்டுது.”

சித்ரகலா திடுக்கிட்டு நின்றாள். அருள்புரத்து மழை அவளைப் பாதி நனைத்திருந்தது. அவள் குடையோ கட்டிங் மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியை நனைக்கப் பார்த்தது. அதட்டியவன் தரணீதரன், அந்தப் பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமியின் மகன். அதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது... ஆனால் அந்தக் கண்களுக்குக் கோபப்படவே தெரியவில்லை. மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்துக் குளிர்ந்திருந்தன. இத்தனை நல்ல கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு இந்தச் சிடுசிடுப்பு என்று நினைத்தபடியே குடையை மடக்கினாள்.

வந்த காரியத்தைச் சொன்னாள். அவள் அம்மா சாமியாத்தாள் இங்கே ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். இன்று மட்டும் ஐந்தரைக்கு விட்டுவிட வேண்டும். அம்மாவுக்கு இன்னும் செல்போன் வாங்கித் தரவில்லை, அதனால் நேரிலேயே வந்துவிட்டாள். வீட்டில் விசேஷம்.

என்ன விசேஷம் என்று சொல்ல வெட்கம் விடவில்லை. வெள்ளகோவிலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், மதியம்தான் தகவல் வந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மாவும் இல்லாமல் வந்தவர்களை யார் வாங்க என்பது? இந்த இடமும் தட்டிப்போனால் அம்மா உடைந்தே போவாள்.

முடியாது என்றான் தரணீதரன். வெள்ளிக்கிழமை சரக்கு கன்டெய்னரில் ஏற வேண்டும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்குமான டி-ஷர்ட்டுகள் ஒன்றாகப் போக வேண்டும். திருப்பூரில் ஒரு நாள் என்றாலே ஒன்றரை ஷிப்ட்தான். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழ முடியும். யாரையும் விடுவதாக இல்லை என்பதை டெய்லர்கள் காதில் விழும்படியே சொன்னான்.

அம்மா தலையைக் குனிந்துகொள்வது தூரத்தில் தெரிந்தது. சித்ரகலாவுக்குச் சுருக்கென்றது. பல்லடத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள் அவள். இருக்கிற நேரத்துக்குள் எதை எவ்வளவு செய்யலாம் என்று கோடு போட்டுக் காணும் லீனியர் புரோகிராமிங் பாடத்தைக் காலையில்தான் எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“எல்லாரும் எட்டரை வரைக்கும் வேணுமுன்னு கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?”

“எங்கப்பா காலத்துல இருந்தே அப்படித்தானுங்க.”

“அப்ப போட்டதே இல்ல...”

அவன் காது சிவந்தது. துணியில் குறி போடும் சாக்பீஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, போடுங்கள் பார்க்கலாம் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டான்.

மேசையில் துணி இல்லாத பக்கமாக அவள் குனிந்தாள். குறுக்கே ஒரு கோடு, பெரியவர் டி-ஷர்ட்டுக்கு. நெடுக்கே ஒன்று, குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு. ஒரு டி-ஷர்ட்டின் பக்கங்களை மூட்ட ஓவர்லாக்கில் எவ்வளவு நேரம், ஓரம் மடித்தடிக்க பிளாட்லாக்கில் எவ்வளவு, மெஷின்கள் எத்தனை... அவள் கேட்கக் கேட்க அவன் சொன்னான். ஓவர்லாக்கின் மொத்த நேரம் சாய்ந்த கோடாக விழுந்தது. அதற்கு வெகு கீழே பிளாட்லாக்கின் நேரம் இன்னொரு சாய்ந்த கோடு. குழந்தைகள் டி-ஷர்ட் குறையவே கூடாது என்பதற்கு மூன்றாவதாகப் படுக்கையாய் ஒரு கோடு. மூன்றுக்கும் கட்டுப்பட்ட இடத்தைத் தேய்த்து வெள்ளையாக்கினாள்.

“இதுக்குள்ள எந்தப் புள்ளிய எடுத்தாலும் தைக்க முடியுமுங்க. ஆனா பெரியவங்க டி-ஷர்ட் எல்லாத்தையும் விட அதிகமா வர்ற புள்ளி நடுவுல இருக்காது. தேடி அலைய வேண்டாம், ஏதாவதொரு மூலையப் பாத்தாப் போதும்.”

“எப்பவுமா?”

“எப்பவுமேதானுங்க.”

கையை எப்போது அவிழ்த்தான் என்று அவனுக்கே தெரியாது. பிளாட்லாக் கோடும் குழந்தைகள் கோடும் சந்திக்கும் மூலையில் அவள் ஒரு புள்ளி வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குத் தேவையான எண்ணிக்கை அப்படியே வந்திருந்தது. அவன் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தான்... அத்தனை இரைச்சலும் தூசியும் அவசரமும் இந்த ஒரு சாண் இடத்துக்குள் வந்து அடங்கிவிட்டதே. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

“இந்த ஓவர்லாக் கோடு அந்த வெள்ளை எடத்தத் தொடவே இல்லீங்களே...” என்றான், மெல்ல.

அவள் அந்தக் கோட்டை மட்டும் உள்ளங்கையால் அழித்தாள். ஐந்தரை மணியோடு முடியும் ஒரு ஷிப்டுக்குக் கணக்கிட்டு, கீழே இறக்கிப் போட்டாள். அப்போதும் அது அந்தப் புள்ளிக்கு மேலேயேதான் நின்றது.

தரணீதரன் திரும்பினான். பிளாட்லாக் மெஷின்களுக்கு முன்னால், மூட்டி முடித்த துணிக்கட்டுகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. தினமும் பார்க்கிற குவியல். பிளாட்லாக்காரர்கள் மெதுவாகத் தைக்கிறார்கள் என்று திட்டியிருக்கிறானே தவிர, ஓவர்லாக்காரர்களை வீணாக உட்கார வைத்திருக்கிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

சித்ரகலா தான் நகர்த்திய கோட்டையே பார்த்தாள். வகுப்பில் எத்தனையோ முறை கோட்டை இப்படி நகர்த்தியிருக்கிறாள். அங்கே மதிப்பெண் விழும், அவ்வளவுதான். இங்கே நகர்ந்த கோட்டுக்குப் பின்னால் அம்மாவும் ஒரு வரிசைப் பெண்களும் இருந்தார்கள். தான் படித்த படிப்பு இவ்வளவு பெரியதா என்று அவளுக்கே பிரமிப்பாக இருந்தது.

தரணீதரன் டெய்லர்கள் பக்கம் பார்த்தான். சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது, அதுவும் இத்தனை பேர் முன்னால்? வறட்டு கௌரவம் தடுத்தது. பிறகு அதை விழுங்கிவிட்டு நடுக்கூடத்துக்குப் போனான். ஓவர்லாக்காரர்கள் இனி ஐந்தரைக்குக் கிளம்பலாம், பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் அது குறையாது, தான் நினைத்தது தவறு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். சித்ரகலாவின் மனம் அந்த நிமிடத்தில் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

கேட்டருகே மழை தூறிக்கொண்டிருந்தது. சாமியாத்தாள் சாப்பாட்டுப் பையை எடுக்கப் போயிருந்தாள். என்ன விசேஷம் என்று இப்போதுதான் கேட்டான்.

“என்னையப் பொண்ணு பாக்க வர்றாங்க.”

அவன் கண்களில் இருந்த வியப்பெல்லாம் வடிந்து போனதை அவள் கண்டாள்.

“அந்தக் கணக்கு தப்பா இருந்திருக்கக் கூடாதான்னு தோணுதுங்க...” என்றான். “எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க. எங்க ஊட்டுல லேசுல ஒத்துக்க மாட்டாங்க. நான் பேசறேன், எத்தன நாளானாலும் பேசறேன். நீங்க மட்டும் இன்னைக்கு வர்றவங்ககிட்டச் சரின்னு சொல்லீறாதீங்க.”

முதலாளி மகன், டெய்லர் மகள்... அம்மா பயந்து போவாள். ஊர் பேசும். எல்லாம் தெரிந்தும் அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. அம்மா வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“சொல்ல மாட்டனுங்க” என்றாள் சித்ரகலா.