மிஞ்ச வேண்டியது ஒன்பது

மழை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட கிட்டங்கித் தாம்போதிக்கு இந்தப் பக்கம் நின்ற நாலு பொம்பிளைகளும் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார்கள்.

ஒருத்தி கை நீட்டினாள். சுல்பிகா பிரேக்கைத் தொட்டாள். ஏற்றியிருப்பாள், சத்தியமாய் ஏற்றியிருப்பாள். ஆனால் இந்தக் கிழட்டுக் கரண்ட் காரை வைத்துக்கொண்டு ஆருக்கு என்ன உபகாரம் செய்ய? முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் முப்பத்திரண்டு கிலோமீற்றருக்கு மேல் காட்டாது. கல்முனைக்குடியிலிருந்து நாவிதன்வெளிக்குப் படிப்பிக்கப் போய்த் திரும்ப இருபத்திரண்டு. ஏசி போடுவதில்லை, நாற்பதுக்கு மேல் ஓடுவதில்லை. தனியே வந்தால் வீட்டுக் கேற்றடியில் திரையில் பத்து மிஞ்சும். மகள் ஸப்னாவும் இன்றைக்குப் போலக் கூட வந்தால் ஒன்பது. பெரிய ஆள் ஒருத்தர் ஏறினால் இன்னும் இரண்டு குறையும். மூன்று வருசமாகப் பிசகாத கணக்கு.

“மன்னிச்சுக்கங்க, சார்ஜ் காணாது,” என்று பாதி இறக்கிய கண்ணாடி வழியாகச் சொல்லிவிட்டு மிதித்தாள்.

மனம் கேட்காமல் கண்ணாடியில் பின்னே பார்த்தாள். ரோட்டில் ஒருத்தரும் இல்லை.

பதினைந்து காட்டிய திரை பதின்மூன்று காட்டியது. சனியன் பிடித்த பெற்றரி என்று ஏசினாள். பதினொன்று. ஒன்பது. ஏழு. அதோடு நின்றது.

நாலு பேர்.

தாம்போதிக்கு மேலால் ஆற்றுத் தண்ணீர் சேற்று வாடையோடு ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் சத்தமே இல்லாத கார் என்பதால் தண்ணீர் சக்கரத்தில் உரசுவதும், பின்பக்கம் பாரத்தில் அமுங்கி முனகுவதும், ஈரச் சீலையிலிருந்து சொட்டுச் சொட்டாய் விழுவதும் தனித்தனியாகக் கேட்டன. மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த வெளிச்சத்திலும் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“உம்மா,” என்றாள் பின் சீட்டிலிருந்த ஸப்னா. “தள்ளி இரிக்கச் சொல்லுங்க. எனக்கு எடமில்ல.”

எட்டு வயசுப் பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

“பெல்ட்டக் கழட்டாதீங்க மகள். கண்ண மூடிட்டு ஓதுங்க. சத்தமா ஓதுங்க, உம்மாக்குக் கேக்கணும்.”

பிள்ளை ஓதத் தொடங்கினாள். சுல்பிகா பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கீழே திருப்பிவிட்டாள்.

நடுத் தாம்போதியில் ஆமைப் படம் எரிந்தது. சார்ஜ் முடியப்போகிறது, கார் இனி ஊரும் என்று அர்த்தம். இங்கே நின்றுபோனால் பிள்ளையோடு இறங்கி இந்த இழுவையைக் கடக்க ஏலாது.

மூன்று.

தண்ணீர் கதவடியில்.

இரண்டு.

பிடரியில் ஒரு குளிர்ந்த மூச்சு.

ஒன்று.

“எறங்கிடுங்க,” என்று கெஞ்சினாள். “அல்லாஹ்வுக்காக எறங்கிடுங்க. என்ட புள்ளயக் கரை சேக்கணும்.”

முன் சக்கரம் காய்ந்த ரோட்டைத் தொட்டது. கதவு எதுவும் திறக்கவில்லை. பின்பக்கம் மட்டும் மெல்ல நிமிர்ந்தது. மூன்று. ஐந்து. எண் ஏறிக்கொண்டே போனது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதபடியே ஓட்டினாள். திரும்பினால் அவர்கள் தாம்போதியில் நிற்பது தெரியுமோ என்ற பயத்தில் கழுத்தை அசைக்கவே இல்லை. ஓதும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. பயந்து களைத்துத் தூங்கிவிட்டாள், பாவம்.

வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துவிட்டது. கணவன் பஸால் கேற்றைத் திறந்து, மகளை இறக்க வழக்கம்போலக் குடையோடு ஓடி வந்தான். சுல்பிகா காரை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

பத்து.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பத்துத்தான்.

பஸால் பின் கதவைத் திறந்தான். சேற்றுத் தண்ணீர் அவன் காலில் கொட்டியது. சீட்டில் ஸப்னாவின் பெல்ட் போட்டபடியே இருந்தது.