வலப்பக்கம் விழுந்தவர்

நாடக நடிகர் தடாலென்று தரையில் விழுந்தார்.

ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால், ஆராய்ச்சி மாணவி ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

ஒருவர் மயங்கி விழும்போது சுற்றியிருப்பவர்கள் சும்மா இருந்தால், புதிதாக வந்தவரும் சும்மா இருப்பாரா? அதுதான் அவளுடைய நாலு வருட ஆராய்ச்சி. விழுவதற்கு நடிகர். அசையாமல் உட்கார இரண்டு மாணவர்கள். விஷயம் தெரியாமல் வந்திருந்தவர் ஒரு தபால்காரர் மட்டுமே.

நாலாவது நிமிடம்... இடப்பக்கம்... ஒரு முனகல். ஒத்திகை அப்படித்தான்.

நடிகரோ இரண்டாவது நிமிடமே வலப்பக்கம் சாய்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது.

"சார், இது நடிப்பில்ல."

வழிகாட்டிப் பேராசிரியர் கதவை மறித்து நின்றார்.

"உள்ள போனா டேட்டா பாழ். உக்காரு."

உட்கார்ந்தாள். நாலு வருடமாகத் தலையாட்டிய பழக்கம்.

விநாடிகள் ஓடின. ஒன்று... இரண்டு... பதினொன்று.

நடிகரின் விரல்கள் வெட்டி இழுத்தன. அடங்கின.

பேராசிரியரைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே போலீஸ். நடிகர் குடித்த தண்ணீர் பாட்டிலில் ஏதோ மருந்து கலந்திருந்தது.

"பாட்டிலைக் குடுத்தது இவதான்" என்றார் பேராசிரியர்.

உண்மைதான். ஆனால், அதை அவள் கையில் திணித்தவர் அவர். பார்த்த சாட்சி யாருமில்லை.

நேற்று நடிகர், பேராசிரியரின் கட்டுரையைக் காட்டி அவளிடம் கேட்டிருந்தார்.

"நான் விழுந்தது இருபத்திரண்டு தடவைம்மா. இதுல அறுபது சோதனைன்னு போட்டிருக்கே?"

அவரிடமே கேளுங்கள் என்று அனுப்பிவைத்தவள் அவள்தான்!

எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் பேராசிரியரைப் பக்கத்து அறைக்குள் அழைத்துப் போனார்.

அரைமணி நேரம் கழித்துத் தனியாக வந்தார்.

"ஒத்துக்கிட்டார். வாக்குமூலம் எழுதிட்டிருக்கார்."

"எப்படி சார்?"

"நடிகர் கண் முழிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டார்னேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. "முழிச்சிட்டாரா?"

"இன்னும் இல்ல. பிழைச்சிடுவாராம். முழிக்க நாளைக்கு ஆகும்னு டாக்டர் சொல்றார்."

அவள் மெல்லச் சொன்னாள்.

"சார்... பொய் சொல்லி ஒருத்தரை சோதிச்சா, முடிஞ்சதும் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடணும். அது எங்க ஆராய்ச்சி விதி."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லிடலாம்மா. முதல்ல கையெழுத்துப் போடட்டும்!"