உள்ளே பிடியில்லாத கதவு

மனநல மருத்துவமனையின் புதிய காவல் வார்டை வரைந்தவள் அக்கா. அதற்காக அங்கிருந்த பழைய வார்டை இடித்துத் தள்ளியவன் தம்பி. நோயாளிகள் வருமுன் ஒவ்வோர் அறையையும் பலசாலி ஒருவன் அடித்து நொறுக்கிப் பார்க்க வேண்டும். இடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் வீட்டிலேயே இருக்கும்போது அவள் வேறு ஆளைத் தேடுவாளா என்ன?

கடைசி அறைக்கு வந்தபோது உச்சி வெயில். உள்ளே இருட்டும் பெயிண்ட் வாடையும். மூலைகள் மழுங்கிய சுவர்கள், தரையோடு பதித்த கட்டில், துணி மாட்டக்கூட ஓர் ஆணி கிடையாது. கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். உள்ளிருப்பவர் முட்டுக்கொடுத்து அடைக்க முடியாது. இழுத்துப் பிடிக்கவும் உட்புறம் கைப்பிடி இல்லை.

"அக்கா, உன் கதவுக் கண்ணாடிக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல," என்று தம்பி சம்மட்டியைத் தூக்கினான்.

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. அடிடா, பாக்கலாம்!" வெளியே நின்று கதவைப் பூட்டினாள்.

கதவில் பதித்திருந்த கண்ணாடியில் சரமாரியாக அடித்தான். கீறல்கூட விழவில்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பி சிரித்துக்கொண்டே சம்மட்டியைக் கீழே வைத்தான்.

சம்மட்டி தானாக எழுந்தது.

முதல் அடி முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. அடுத்தது தோளில். அவன் கதவை நோக்கித் தவழ்ந்தான்.

"அக்கா! திற!"

பூட்டைத் திறந்து இழுத்தாள். கதவு வரவில்லை. யாரோ உள்ளிருந்து இழுத்துப் பிடித்தார்கள்.

பிடிக்க அங்கே எதுவுமே இல்லையே!

வராந்தாவில் கிடந்த கடப்பாரையை எடுத்து வெறிகொண்டவள்போல் கண்ணாடியை அடித்தாள். உடையவே கூடாது என்று அவளே அடம்பிடித்து வாங்கிய கண்ணாடி. மறுபக்கம் தம்பியின் முகம் வந்து மோதியது. மீண்டும் மோதியது. முன்பற்கள் தெறித்தன. பிறகு ரத்தம் வழிந்து எதுவும் தெரியாமல் போயிற்று. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே சபித்துக்கொண்டு அலறினாள்.

சத்தம் நின்றது.

கதவு மெல்லத் திறந்தது. முகமெல்லாம் ரத்தமாக அவன் வெளியே சரிந்தான். மூச்சு இருந்தது. கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். தலையை மடியில் போட்டுக்கொண்டு, "உயிர் இருக்குடா, அது போதும்," என்று கதறி அழுதாள்.

உள்ளிருந்து ஒரு கை கண்ணாடியின் ரத்தத்தைத் துடைத்தது. முன்பற்கள் இல்லாத வாய் ஒன்று அங்கே அசைந்தது.

"அக்கா... நான் இங்க இருக்கேன்."

சாவி வைத்திருந்த அவள் கையை மடியிலிருந்து ஒரு கை இறுகப் பற்றியது. அவள் குனிந்து பார்த்தாள்.

மடியில் கிடந்தது சிரித்தது. ஒரு பல்கூட விழவில்லை.