தலையில்லாத போல்ட்டு

அமலாவின் உடலை எடுக்க, காரை வெட்ட வேண்டியிருந்தது!

விக்கிரவாண்டியைத் தாண்டி, நின்றிருந்த லாரியின் அடியில் புகுந்திருந்தது கார். ஸ்டீயரிங் தண்டு டேஷ்போர்டிலிருந்து கழன்று அவள் மடியில் கிடந்தது.

"தானா கழண்டுக்கிச்சு சார்! முந்தாநாள்தான் விழுப்புரத்துல குமரேசன் மெக்கானிக்கு டைட் பண்ணிக் குடுத்தான்! எம் பொண்டாட்டியக் கொன்னுட்டான் சார்!"

கணவன் வெங்கடாசலம் ரோட்டில் புரண்டு அழுதான். கோர்ட்டிலும் அதையே சொன்னான்... அழுகை உட்பட.

குமரேசன் ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்தவரை நம்பி யாரும் ஒரு சைக்கிளைக்கூட விடவில்லை. பூச்சி மருந்தைக் குடித்துச் செத்தார்.

அது நடந்து நான்கு வருஷம்.

இன்று, திண்டிவனம் பைபாஸ் ஓரம் இளவரசியின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய கார் வந்து நின்றது.

"ஏம்மா... மெக்கானிக் இல்ல?"

"நான்தான் சார்."

"பொம்பளையா?" இறங்கியவன் சிரித்தான். "ஸ்டீயரிங்கு லொடலொடங்குது. ஜல்தி டைட் பண்ணு."

இளவரசி நிமிர்ந்தாள்.

வெங்கடாசலம்!

அவனுக்கு அவளைத் தெரியவில்லை. கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் முகத்தை மனப்பாடம் செய்த குமரேசனின் மகளை, அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

முன் சீட்டில் ஒரு இளம்பெண், வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"மல்லாட்டை துன்றீங்களாக்கா? சூடா கீது."

"எம் சம்சாரம். அருணா," என்றான். "மொத சம்சாரம் ஆக்சிடென்ட்ல பூட்டா."

இளவரசி பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டின் அடியில் படுத்தாள். மூடியை எடுத்தாள். டார்ச் அடித்தாள்.

போல்ட்டுகள் ஆடின. சாதாரணமாக ஆடவில்லை... தலைகளில் புதுசாக, பளபளவென்று ஸ்பேனர் கீறல்!

இவனே தளர்த்தியிருக்கிறான்!

விரலால் மட்டும் முடுக்கி அனுப்பிவிட்டால்? பைபாஸ் வளைவில் இவன் கதை முடிந்துவிடும். ஸ்பேனரைக் கீழே வைத்தாள்... ஆசையில்!

"யாரு சார் ஓட்டுவாங்க?"

"அருணாதான். ஞாயித்துக்கெழம அவங்கம்மா ஊட்டுக்குத் தனியாப் போறா. இரு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நீ வேலை செய்யற மாதிரி."

க்ளிக்!

அதே திட்டம். இங்கே டைட் பண்ண வைத்துவிட்டு, வீட்டில் மறுபடி தளர்த்துவான். பழி போட ஒரு மெக்கானிக் முகம். கொல்ல ஒரு பொண்டாட்டி.

இளவரசி ஸ்பேனரை மறுபடி எடுத்தாள்.

தண்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தாள். போல்ட்டு ஏறும் துளைகளின் மரையைப் பிரஷ் போட்டுத் துடைத்தாள். பழைய போல்ட்டுகளைத் தூர எறிந்து, புதுசு மாட்டினாள். ஒரே பக்கமாக இறுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

டக்... டக்... டக்... டக்!

ஸ்டீயரிங்கை மேலும் கீழும் உலுக்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். பாறை மாதிரி நின்றது.

அவன் சிகரெட் வாங்கப் போன நேரத்தில், அருணாவைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அருணாவின் கையிலிருந்த மல்லாட்டை தண்ணீரில் சிதறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை.

"இன்னாம்மா, ஜீப்புல ஏதோ கோளாறுன்னு வரச் சொல்லிட்டு உக்கார வெச்சிக்கினு கீற?"

டீ கிளாஸும் கையுமாக இன்ஸ்பெக்டர் சீனுவாசன். அன்றைக்குக் குமரேசனுக்கு விலங்கு மாட்டியவர்.

"அஞ்சு நிமிஷம் சார். ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வரும்."

செல்போனில் அருணாவின் செய்தி மின்னியது: 'ஸ்பேனரோட கார் ஷெட்டுக்குள்ள போயிருக்காருக்கா.'

அடுத்து ரிங் அடித்தது! வெங்கடாசலம். இளவரசி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஏய்! இன்னா போல்ட்டுடி போட்டு வெச்சிருக்க? தலையவே காணோம்! ஸ்பேனர் புடிக்க எடமே இல்ல!"

"அது அப்பிடித்தான் சார். முழுசா டைட் ஆனா தலை ஒடைஞ்சி வுழுந்துடும். அப்புறம் யாரும் சுலபமா கழட்ட முடியாது."

"பேஜாரு புடிச்சவளே! எவன் ஒன்னைய இதப் போடச் சொன்னது?"

"எல்லா மெக்கானிக்கும் இதான் சார் போடுவாங்க. ஒங்களுக்கு ஸ்பேனரு புடிக்கத் தெரியல."

பொம்பளை சொல்லிவிட்டாளே! அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருக்குடி தெரியாது? விழுப்புரத்துல அந்தக் குமரேசன் போட்டத பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர்ல நாலு சுத்து சுத்தினேன்... அழகா கையில வந்துச்சு!"

இன்ஸ்பெக்டரின் டீ கிளாஸ் உதட்டருகே நின்றது.

"தானா கழண்டுச்சுன்னு கோர்ட்ல அழுதீங்களே சார்?"

மறுமுனையில் ஸ்பேனர் கீழே விழும் சத்தம்.

"யா... யாருடி நீ?"

"குமரேசன் பொண்ணு."

லைன் செத்தது. உடனே மறுபடி ரிங்... இந்தத் தடவை அருணா.

"அக்கா, ஷெட்டை வெளிய பூட்டிட்டேன்! உள்ள கெடந்து ஒதைக்கறாரு!"

சீனுவாசன் பாய்ந்து ஜீப்பில் ஏறினார். மைக்கில் விழுப்புரம் ஸ்டேஷனைக் கூப்பிட்டு, வெங்கடாசலம் வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பேசி முடித்ததும் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

"ஜீப்புக்கு... இன்னாம்மா கோளாறு?"

"ஜீப்புக்கு ஒண்ணுமில்ல சார். ஒங்கள உக்கார வெக்க எனக்கு ஒரு சாக்கு வேணும்ல?"

அவர் சாவியைத் திருப்பினார்.

"போய் அரெஸ்ட் பண்ணுங்க சார்... இந்தத் தடவயாவது, ஸ்பேனரு யாரு கையில கீதுன்னு பாத்துட்டு!"