அச்சப் புள்ளி

முத்தையா தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செயின் பறிப்பு என்றால் என்னவென்று இப்போது விளக்க வேண்டியிருந்தது. வடசென்னையின் அந்தத் தெருவில் கத்திக்குத்து இல்லை, பைக் திருட்டு இல்லை, போகிற பெண்ணைப் பார்த்து விசிலடிக்கக்கூட ஆள் இல்லை. முனையில் பூட்டுக் கடை வைத்திருந்தவர் வேறு வழியில்லாமல் ஜூஸ் கடைக்கு மாறிவிட்டார்.

எல்லாம் அச்சமானியின் புண்ணியம். ஆளுக்கொரு காப்பு மணிக்கட்டில் இருக்கும். நாடியையும் வியர்வையையும் கவனித்துக்கொண்டே இருக்கும். காப்பு அணிந்தவர் பயந்தால், அந்த நேரம் அவர் கண்ணெதிரே இருப்பது யார் என்று காவல்கண் என்கிற கேமரா பார்த்துக்கொள்ளும். தெருக் கம்பத்திலும் வீட்டு நிலைப்படியிலும் இந்தக் காவல்கண்கள் உண்டு. எதிரே இருப்பவர் பெயரில் ஓர் அச்சப் புள்ளி விழும். நூறு சேர்ந்தால் கடலோரத்து விலக்ககத்துக்கு அனுப்பிவிடுவார்கள். குற்றம் எதுவும் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. செய்யும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஊரும் அதுதானே என்று தலையாட்டியது. யாருடைய புள்ளி எவ்வளவு என்பது அவரவர் வீட்டு நிலைப்படித் திரையில் தெரியும். பயந்தது யார் என்பது மட்டும் ரகசியம்.

அச்சமானி வேண்டுமென்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவள் குணசுந்தரி. அவள் கணவன் ஏகாம்பரத்தை அதே தெருமுனையில் ஒரு செல்போனுக்காகக் குத்திப் போட்டிருந்தார்கள். மகன் டில்லிபாபு அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்காவது தெரு பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அவள் அவ்வளவு அலைந்தாள்.

அந்த டில்லிபாபுவின் பெயரில்தான் இன்று நூறு புள்ளி நிறைந்துவிட்டது. தெருவுக்கெல்லாம் தண்ணீர் கேன் போடுகிற பையன். மாடிப்படியில் மூச்சு வாங்கும் கிழவர்களைக் கண்டால் அவர்கள் பையையும் சேர்த்துத் தூக்குகிறவன். ஒரு வருடமாகப் புள்ளி ஏற ஏற குணசுந்தரி குலை நடுங்கிப்போனாள். அவள் நடுங்க நடுங்கப் புள்ளி இன்னும் வேகமாக ஏறியது. காலையில் வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனதும் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

"எம்புள்ளையப் பாத்து பயந்தவ எவடி? தைரியம் இருந்தா வெளிய வாங்கடி!"

மேல்வீட்டு மெர்சி ஓடி வந்தாள். "ஏங்க்கா கத்துற? டில்லியப் பாத்து யாருக்கா பயப்படுவாங்க? எங்கம்மா அவனுக்கு டீ குடுக்காம அனுப்ப மாட்டாங்க."

"பின்ன நூறு புள்ளி வானத்துலேர்ந்தா வுழுந்துச்சு?"

மெர்சியின் முகம் சிவந்தது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு முறையிட அச்ச மன்றத்துக்குக் கிளம்பினாள். பின்னாலேயே பாதித் தெருவும் வந்தது, டில்லிக்காகச் சாட்சி சொல்ல.

மன்றத்து அதிகாரி யாழினி, இளம்பெண். எல்லோரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு குணசுந்தரியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"இத நான் சொல்லக் கூடாதும்மா. உங்க தெருவுல யாருமே அவரப் பாத்து பயப்படல. நூறு புள்ளியும் ஒரே காப்புலேர்ந்து வந்திருக்கு."

சொல்லிவிட்டு குணசுந்தரியின் மணிக்கட்டைப் பார்த்தாள்.

குணசுந்தரிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் அவன் வண்டியை உதைக்கும்போது அடிவயிற்றில் ஒன்று புரளுமே, அது. சட்டையில் ஒரு கறையோடு வந்து நின்றால் நெஞ்சு அடைக்குமே, அது.

"அவனப் பாத்து இல்லம்மா. அவனுக்கு எதுனா ஆயிடுமோன்னு..."

"எனக்குத் தெரியுதும்மா. ரெண்டுக்கும் நாடி ஒரே மாதிரிதான் துடிக்குது. மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்."

மறுசோதனை என்று ஒன்று உண்டு. மகனுக்கு எதிரே பயமில்லாமல் உட்கார்ந்துவிட்டால் புள்ளியெல்லாம் அழிந்துவிடும். இரண்டு வாய்ப்புதான். டில்லியைக் கொண்டுவந்து எதிரே உட்காரவைத்தார்கள். "ஒண்ணும் ஆவாதும்மா, என்னா புலியப் பாக்குற மாதிரி பாக்குற?" என்று சிரிக்கவைக்கப் பார்த்தான். அவன் உதடு உலர்ந்திருப்பதைப் பார்த்தாள். பயம் என்று காப்பின் விளக்கு சிவந்துவிட்டது.

இன்னொரு வாய்ப்புக்கு முன் அவள் முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். பெற்ற பிள்ளையைத் தலைமுழுகிவிட்டேன் என்று சண்டையில் சொல்கிற பெண்களை அவளுக்குத் தெரியும். சொன்னவர்கள் யாரும் முழுகியதில்லை. குணசுந்தரி வாளித் தண்ணீரைப் புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஈரம் சொட்ட வந்து உட்கார்ந்தாள். எம்புள்ள செத்துட்டான் என்று மனதுக்குள் சொன்னாள். தெருமுனையில் விழுந்து கிடந்தான். குளிப்பாட்டி, மாலை போட்டு, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. இனி அவனுக்கு என்ன ஆகிவிடும்? அவள் நாடி மெல்ல மெல்ல அடங்கியது. விளக்கு பச்சையாயிற்று. உள்ளே வெந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் துக்கத்தை அளக்க அந்தக் காப்பில் எதுவும் இல்லை.

டில்லி வீட்டுக்கு வந்தான். ஆனால் அவளால் அவனைத் திரும்பப் பெற முடியவில்லை. தினமும் மனதுக்குள் அவனைச் சாகடித்தால்தான் மறுபடி புள்ளி ஏறாமல் அவன் வீட்டில் இருக்க முடியும். முகம் பாராமல் சோறு போட்டாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை.

"ஏம்மா ஒரு மாதிரியா கீற? ஒடம்புக்கு எதுனாவா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் இளைத்துப்போனாள். தலைவாருவதை விட்டாள். மத்தியானம் அவள் படுத்திருக்கும்போது வேலையை விட்டுவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்தான்.

ஒரு நாள் மத்தியானம் விழித்துப் பார்த்தாள். நிலைப்படியில் அவள் பெயருக்கு எதிரே ஒன்று என்று விழுந்திருந்தது. வீட்டில் டில்லியைத் தவிர யாருமில்லை.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தனக்காக அடித்துக்கொள்ளும் நெஞ்சு ஒன்று இன்னும் இருக்கிறதே! அதற்குள் ஒன்று இரண்டாயிற்று. குணசுந்தரி எழுந்து போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தடவினாள். கோபத்தில் தாய்மார் வீசியெறிகிற வார்த்தையை மிகுந்த பிரியத்தோடு சொன்னாள்.

"டில்லி, நான் செத்துட்டேன்னு நெனைச்சிக்கோடா."

"எப்டிம்மா?" என்றான் அவன்.

"சொல்லித்தரேன். மொதல்ல என் மூஞ்சப் பாக்காத."