'வேலை' என்று தேடியவள்

செல்போன் அலறியது!

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய தனியார் நூலகம். கணினி முன் உட்கார்ந்திருந்த இளம் வக்கீல் யூனிஸ் எடுத்தாள்.

"வக்கீலம்மா... அதை மூடிட்டு எந்திரிச்சுப் போ!"

"யாரு?"

"'வேலை – விபத்துகள்'. அதுக்குக் கீழ 'வேலை – கொத்தடிமை முறை'. நீ என்னத்தப் பாக்கேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ? பலவேசம் பக்கத்துல இன்னொரு குழி வெட்ட ரொம்ப நேரம் ஆவாது!"

துண்டித்துவிட்டான்.



பலவேசம்... கல்குவாரித் தொழிலாளி. குவாரித் தண்ணீரில் பிணமாக மிதந்தவன். குடித்துவிட்டு விழுந்தான் என்றார் முதலாளி கிருபைராஜ். வேலையை விட்டுப் போகிறேன் என்றதற்காக அடித்தே கொன்றார்கள் என்றாள் மனைவி உலகம்மாள். கைநாட்டு வைக்கச் சொல்லி முதலாளி நீட்டிய வெற்றுத்தாளைக் கிழித்து அவர் முகத்திலேயே எறிந்தவள்!

கொலையை நேரில் பார்த்த சக தொழிலாளி சதாமை, கிருபைராஜின் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உலகம்மாளின் வழக்குக்கான சட்டப் புத்தகங்களைத் தேடி, நூலகப் பட்டியலில் 'வேலை' என்று தட்டியிருந்தாள் யூனிஸ். திரையில் தலைப்புகள் சரசரவென்று இறங்கியிருந்தன.

திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் வெறும் சுவர். திரையை எவன் பார்த்தான்?

எதிர் மேஜையிலிருந்து நூலகர் சத்தியநேசன் கனிவாய் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மொகம் வெளுத்துப்போச்சு? மிரட்டுதானுவளா? பேசாம வீட்டுக்குப் போம்மா."

"போவ மாட்டேன் சார். பயந்தா இந்தக் கறுப்புக் கோட்டு எதுக்கு?"

இன்ஸ்பெக்டர் டெபோராவுக்கு செல்போனில் ஒரு செய்தி அனுப்பினாள். பிறகு, வாயைத் திறக்காமல் தட்டினாள்.

'வேலை – பனைத்தொழில் – உடன்குடி'.

'வேலை – கருப்பட்டி காய்ச்சுதல் – உடன்குடி'.

சற்று நேரத்தில் மறுபடியும் போன்!

"சதாமைப் பனை வேலையில சேத்து உடன்குடியிலயா ஒளிச்சு வச்சிருக்க? ஆளுவ கெளம்பியாச்சு!"

"பாத்துப் போவச் சொல்லுங்க அண்ணாச்சி. ரோடு மோசம்!"

மாலையில் டெபோராவின் குரல் போனில் துள்ளியது.

"உடன்குடி முக்குல வச்சுப் புடிச்சாச்சு யூனிஸ்! மூணு பேரு, அரிவாளோட. கிருபைராஜ்தான் அனுப்புனாருன்னு ஜீப்புல ஏறுததுக்கு முன்னாலயே கக்கிட்டானுவ!"

யூனிஸ் எழுந்தாள். நேராக சத்தியநேசனின் மேஜைக்குப் போய், அவருடைய கணினியைத் திருப்பினாள்.

அவள் தேடிய அத்தனை தலைப்புகளும்... அந்தத் திரையில்!

"நான் தட்டுதது எல்லாம் இங்கன வந்து விழுது, என்ன சார்? உடன்குடின்னு நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல. தட்டுனேன். அம்புட்டுதான்."

"ஏம்மா... கிருபைராஜ் என் மச்சினன்..." அவர் பதறி எழுந்தார். "அப்போ... சதாம்?"

"உடன்குடி பக்கமே போவல. காலைலயே மாஜிஸ்திரேட் முன்னால வாக்குமூலம் குடுத்துட்டான்!"

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

சத்தியநேசன் நாற்காலியில் சரிந்தார். "ஐயோ, என் வேலை போயிருமேம்மா!"

"கவலப்படாதீங்க சார். பாளையங்கோட்டை ஜெயில்லயும் நூலகம் இருக்கு. கேட்டுப் பாருங்க!"